ரிவர்ஸ் எடுத்தால் 'டமார்' ஏன்? கண்ணாடியை இறக்கி வையுங்கள்!

சேலம்,

"வரட்டும்... வரட்டும்... லெப்ட்ல ஒடிங்கண்ணா... போதும், போதும்!"

அஸ்தம்பட்டியில் கடை வாசலில் காரை ரிவர்ஸ் போடும்போது கேட்கிற குரல் இது. உள்ளூர் வண்டிகளோடு ஏற்காடு மலைக்குப் போகும் கார்களும் ரவுண்டானாவைச் சுற்றி வருகிற இடம். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். காரில் இருப்பவர் பதறுவார். அடுத்த விநாடி 'டமார்'! நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் சாயும். அப்புறம் என்ன? வாய்ச்சண்டைதான்.

கை காட்ட ஆள் இல்லாவிட்டாலும் காரை ஒழுங்காக நிறுத்தலாம். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சரியாக வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சீட்

கண்ணாடியைத் தொடும் முன் சீட்டைச் சரி செய்யுங்கள். சீட் நகர்ந்தால் கண்ணாடியில் தெரிவதும் மாறிவிடும். ரோட்டில் ஓட்டும்போது உங்கள் காரின் பக்கம் ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும். மற்ற இடமெல்லாம் பின்னால் வரும் வண்டிகளுக்கு.

ஆனால் ரிவர்ஸ் போட இது உதவாது. தரை தெரியாதே! ஆகவே காரை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பின் சக்கரமும், அதை ஒட்டிய தரையும் தெரிய வேண்டும். வெள்ளைக்கோடு, சாக்கடை ஓரம், கல் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். சில விலை உயர்ந்த கார்களில் ரிவர்ஸ் கியர் போட்டதும் கண்ணாடி தானே குனியும். மற்றவர்கள் பட்டனாலோ, கையாலோ இறக்க வேண்டியதுதான்.

எந்தப் பக்கம் ஒடிப்பது?

குழப்பமே வேண்டாம். காரின் பின்பக்கம் எங்கே போக வேண்டுமோ, அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை ஒடியுங்கள். இடது கண்ணாடியில் கோடு நெருங்குகிறதா? வலது பக்கம் ஒடியுங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி சமமாகத் தெரிந்தால் கார் நேராக இருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: பின்பக்கம் ஒரு திசையில் போனால், முன்பக்கம் எதிர்த்திசையில் வீசும். முன்னால் நிற்கும் ஸ்கூட்டர் பத்திரம்!

பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் நடுவில் புடைத்தவை. நிறைய இடத்தைக் காட்டும்; ஆனால் பொருளைச் சின்னதாக, தூரத்தில் இருப்பதுபோல் காட்டும். "இன்னும் இடம் இருக்கு" என்று நம்பினால் மோசம் போவீர்கள்.

கண்ணாடிக்கும் தெரியாதது

காருக்கு நேர் பின்னால், பம்பரை ஒட்டி நிற்கும் குழந்தையை எந்தக் கண்ணாடியும் காட்டாது. அமெரிக்காவில் 2002-ம் ஆண்டு ஒரு கொடுமை நடந்தது. குழந்தை மருத்துவர் ஒருவர் தன் வீட்டிலேயே காரைப் பின்னால் எடுத்தார். பின்னால் வந்து நின்றது அவருடைய 2 வயது மகன் கேமரூன் குல்பிரான்சன். குழந்தை இறந்துவிட்டான். அவன் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. 2018 மே மாதம் முதல் அங்கு புதிய கார்களில் பின்புறக் காமிரா கட்டாயம்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு? கண்ணாடியும், காலும்தான்!

ஆம், கால்தான். ஏறும் முன் காரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். குழந்தை நிற்கிறதா, நாய் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். யாருக்கும் ஆபத்து இல்லை என்று பார்த்த பிறகே பின்னால் எடுக்க வேண்டும் என்கிறது சட்டமும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். கால் நிமிட அவசரத்தில் ஓர் உயிர் போகக் கூடாது.

நிறுத்தி முடித்ததும் கண்ணாடியைப் பழையபடி ஏற்றி வையுங்கள். இல்லாவிட்டால், கிளம்பும்போது பின்னால் வருகிற பஸ் தெரியாது!