பஞ்ச காலத்தில் கலீபா உமர்

நபிகள் நாயகத்துக்குப் பின் இஸ்லாமிய அரசின் இரண்டாம் கலீபாவாக 634 முதல் 644 வரை ஆண்டவர் உமர் இப்னு கத்தாப். மக்காவின் குறைஷிக் குலத்தவர். தொடக்கத்தில் இஸ்லாத்தைக் கடுமையாக எதிர்த்து, பின்னர் அதைத் தழுவியவர். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அவர் காலத்தில் வந்ததுதான்.

பரளச்சி, திருச்சுழி போல வானம் பார்த்த பூமியில் வாழ்பவர்களுக்கு அவரைச் சட்டென்று புரியவைப்பது 639-ஆம் ஆண்டுப் பஞ்சம். மழை பொய்த்து, காற்று சாம்பலாய்ப் புழுதி வாரியது. பாலைவன மக்கள் தலைநகரான மதீனாவைச் சுற்றித் திரண்டனர். சிரியா போன்ற மாகாணங்களின் ஆளுநர்களுக்குக் கடிதம் போயிற்று. ஒட்டகங்களில் தானியம் வந்தது. ஊருக்கெல்லாம் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று இருந்தார் உமர். ஆலிவ் எண்ணெயும் ரொட்டியுமே தின்று மேனி கறுத்துப்போனார் என எழுதுகிறார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள். அந்த ஆண்டு ஜகாத் என்னும் கட்டாய தர்மத்தின் வசூலைத் தள்ளிவைத்தார்; பசியால் திருடியவருக்குக் கைவெட்டும் தண்டனையையும் நிறுத்தினார். இரக்கம் மட்டுமல்ல, நல்ல நிர்வாகமும்கூட. பின்னர் நைல் நதியையும் செங்கடலையும் இணைத்த பழைய கால்வாய் தூர்வாரப்பட்டு, எகிப்துத் தானியம் கப்பலில் வரத் தொடங்கியது.

644-இல் அதிகாலைத் தொழுகையின்போது கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். மகனை வாரிசாக்கவில்லை, அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு பேர் கொண்ட குழுவிடம் விட்டார்.