தெளிந்த நீருக்குள் ஒரு நிழல்

கிணற்று நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது நம் வழக்கம். கலங்கலும் இல்லை, வாடையும் இல்லை என்றால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நைட்ரேட் விஷயத்தில் இந்தச் சோதனை எதற்கும் உதவாது. வயலில் போட்ட யூரியாவிலிருந்தும், மாட்டுத் தொழுவத்திலிருந்தும், செப்டிக் டேங்கிலிருந்தும் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் சேரும் இந்தப் பொருளுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அளவு மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். நம் கண்ணுக்குத் தப்பும் நைட்ரேட் புற ஊதா ஒளிக்குத் தப்பாது. 220 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை அது விழுங்கிவிடுகிறது. எவ்வளவு விழுங்குகிறது என்பதை வைத்தே எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதன் அடிப்படை மிகப் பழையது. சம கனமுள்ள ஒவ்வொரு அடுக்கும் தன்னிடம் வரும் ஒளியில் ஒரே விகிதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை 1729இல் பிரான்சின் பியேர் பூகேர் எழுதினார். முதல் சென்டிமீட்டர் பாதியை எடுத்துக்கொண்டால், அடுத்த சென்டிமீட்டர் மிச்சத்தில் பாதியை எடுக்கும்; நூறு ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும். 1760இல் லாம்பெர்ட் இதைக் கணிதமாக்கினார். 1852இல் ஆகஸ்ட் பீர் இதைக் கரைசலின் செறிவோடு இணைத்தார். ஒளி இப்படி விகிதத்தில் குறைவதால்தான், கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதைக் குறிக்கும் உட்கவர்வை மடக்கைக் கணக்கில் சொல்கிறார்கள்: உட்கவர்வு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி வெளியே வருகிறது, 2 என்றால் நூறில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள, குவெட் எனப்படும் சிறு குவார்ட்ஸ் கலத்தில் நீரை ஊற்றுகிறார்கள். சாதாரணக் கண்ணாடி இங்கே ஆகாது, அதுவே இந்த ஒளியைத் தடுத்துவிடும். நைட்ரேட் இல்லாத நீரை முதலில் வைத்துப் பூஜ்யம் குறித்து, அளவு தெரிந்த கரைசல்களை வரிசையாக வைத்து, செறிவுக்கு எதிரே உட்கவர்வைக் குறித்து ஒரு கோடு வரைந்த பிறகுதான் நம் கிணற்று நீரின் முறை வரும். ஆகவே கருவி தரும் எண் ஓர் ஒப்பீடு. ஒப்பிடுவதில் காட்டும் ஒழுங்குதான் அந்த எண்ணை நம்பத்தக்கதாக்குகிறது.

அந்த ஒளியை நைட்ரேட் மட்டுமா விழுங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலை தழை மக்கிக் கரைந்த கரிமப் பொருள்களும் 220இல் ஒளியை எடுக்கின்றன. ஆனால் அவை 275 நானோமீட்டரிலும் எடுக்கும். நைட்ரேட் அங்கே எடுக்காது. எனவே 275இல் ஒருமுறை அளந்து, அதை இரட்டித்து, முதல் அளவிலிருந்து கழித்துவிடுகிறார்கள். கழிக்கும் தொகை முதல் அளவில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் இந்த முறையையே கைவிட வேண்டும் என்பது விதி. தன் எல்லை எது என்று தானே சொல்லிவிடும் இந்தக் கண்டிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். செறிவு கூடிப்போனாலும் கோடு வளையத் தொடங்கும். அப்போது நீரை நீர்த்துப்போகச் செய்து மறுபடி அளக்க வேண்டும்.

அயனிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் நவீனக் கருவிகள் இருக்க, இது எதற்கு என்பது அடுத்த கேள்வி. சந்தேகத்துக்குரிய மாதிரிகளுக்கு அவை வேண்டும்தான். ஆனால் ஒரு வட்டாரத்தின் அத்தனை ஆழ்துளைக் கிணறுகளையும் சலித்துப் பார்க்க, சில நிமிடங்களில், சிறு செலவில் முடியும் முறைதான் கைகொடுக்கும். இது முதற்கட்டச் சோதனை. அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது.

உங்கள் கிணற்று நீரின் அறிக்கை கைக்கு வந்தால் எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள். ‘நைட்ரேட்’ என்று தந்தால் இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்று தந்தால் அதே வரம்பு ஏறக்குறைய 10. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நான்கு மடங்குக்கு மேல் பிழை. வரம்பு தாண்டியிருந்தால் காய்ச்சிக் குடித்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்: கொதிக்கும்போது ஆவியாவது நீர்தான், நைட்ரேட் அடியில் இன்னும் செறிவாகத் தங்கிவிடும்.