ஒரு நூல், மூன்று எண்கள்

அண்மைக் கால நூல் ஒன்றின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். பட்டைக்கோடுகளை ஒட்டி, பெரும்பாலும் 978 எனத் தொடங்கும் பதின்மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதுவே பன்னாட்டுத் தர நூல் எண், சுருக்கமாக ஐ.எஸ்.பி.என். 1960-களின் நடுவில் பிரிட்டிஷ் புத்தக வணிகத்துக்காகக் கார்டன் ஃபாஸ்டர் என்ற புள்ளியியல் அறிஞர் வகுத்த ஒன்பது இலக்க முறை, 1970-இல் பத்து இலக்கங்களுடன் பன்னாட்டுத் தரமாயிற்று. 2007 முதல் பதின்மூன்று இலக்கங்கள்.

இந்த எண் எதைக் குறிக்கிறது? நூலைத்தான் என்பீர்கள். அது முழு விடையன்று. ஒரே இயற்பியல் நூல் காகிதத்திலும், ஈபப் என்னும் மின்நூலாகவும், பி.டி.எஃப். கோப்பாகவும் தனித்தனியே விற்பனைக்கு வருகிறது என்று கொள்வோம். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆயினும் மூன்றுக்கும் மூன்று எண்கள் தரவேண்டும் என்பது விதி. எண் குறிப்பது நம் கைக்கு வரும் வடிவத்தை. மாற்றமின்றி மறுபடியும் அச்சிட்டால் புது எண் தேவையில்லை.

இது வீண் வேலையா? பார்வையற்ற மாணவி ஒருத்திக்காகப் பள்ளி நூலகம் மின்நூல் வாங்குகிறது. முறையாக அமைந்த ஈபப் நூலைக் கணிப்பொறி அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டும். பக்கங்களைப் படமெடுத்துத் தொகுத்த பி.டி.எஃப். கோப்போ, அப்படியே கொடுத்தால், கணிப்பொறிக்கு வெறும் படக்குவியல்தான். இரண்டுக்கும் ஒரே எண் இருந்தால் எதை அனுப்புவது என்று விற்பவர் எப்படி அறிவார்? தேர்வு நேரத்தில் தவறான கோப்பு வந்தால் இழப்பு அவளுக்கே.

எண்ணையே தவறாக எழுதிவிட்டால்? ஒரே நூலின் வடிவங்களுக்கு அடுத்தடுத்த எண்கள் அமைவதுண்டு. கணக்குக்காக, ஈபப் நூலுக்கு 978030640615 என்றும், பி.டி.எஃப். கோப்புக்கு 978030640616 என்றும் வைத்துக்கொள்வோம். கடைசி இலக்கம் மட்டுமே வேறு! ஆனால் இவை பன்னிரண்டு இலக்கங்கள்தாம். பதின்மூன்றாவது இலக்கம் காவற்காரன்.

இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 எனப் பெருக்கிக் கூட்டுங்கள். முதல் எண்ணுக்கு 93 வரும். பத்தின் மடங்காக்க 7 வேண்டும். அந்த 7-தான் காவல் இலக்கம். இரண்டாவது எண்ணுக்குக் கூட்டுத்தொகை 96. காவல் இலக்கம் 4. இப்போது 6157 என்று முடிய வேண்டியதை 6167 என்று எழுதிவிட்டால் மொத்தம் 103 ஆகும். அது பத்தால் வகுபடாது. கணிப்பொறி ஏற்க மறுத்துவிடும். எந்த இடத்தில் ஓர் இலக்கம் தவறினாலும் இப்படி அகப்பட்டுவிடும்.

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால்? எல்லாவற்றையும் 1-ஆல் பெருக்கினால் கூட்டுத்தொகை மாறாது. அதற்காகத்தான் இடையிடையே 3. ஆனாலும் ஓர் ஓட்டை உண்டு. நம் முதல் எண்ணில் உள்ள 61-ஐ 16 ஆக்கிக் கூட்டிப் பாருங்கள். 100 இருந்த இடத்தில் 90 வருகிறது. காவற்காரன் தூங்கிவிட்டான்! இலக்கங்களின் வேறுபாடு 5 ஆனால் இப்படித்தான். பழைய பத்து இலக்க முறையில் 10, 9, 8 என இறங்குவரிசையில் பெருக்கி 11-ஆல் வகுத்தார்கள். 11 பகா எண் ஆகையால் இந்தத் தவறும் அதில் தப்பாது. கடைப் பொருள்களின் பட்டைக்கோட்டோடு ஒத்துப்போவதற்காக அதை விட்டுவிட்டனர். கணக்கை மட்டும் பார்த்தால் பழையதே மேல் என்பேன்.

தூங்கவைக்கும் இணைகள் 0-5, 1-6, 2-7, 3-8, 4-9. உங்கள் வீட்டு நூல்களின் எண்களில் இவை எத்தனை இடங்களில் அருகருகே நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.