விளக்கு எரிந்தால் முதலில் கோட் பார்ப்போம்



வாகனப் பழுதுக்கு உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் கூடிக்கொண்டே போகின்றன. வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து சென்னை, திருச்சி விமான நிலையங்களுக்குச் சவாரி ஓட்டும் நம் சகோதரர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய டீசல் கார்கள். மாருதி நிறுவனம் 2020-ல் டீசல் காரையே நிறுத்திவிட்டது. இன்று கைமாறும் டீசல் டிசையர் ஒவ்வொன்றும் செகண்ட் ஹேண்ட்தான். மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்ததும் "சென்சார் போச்சு" என்கிறார்கள், வீட்டு நகை அடகுக்குப் போகிறது. சென்சார் மாற்றிய பிறகும் விளக்கு அணையவில்லை என்று மறுபடி வந்தவர்களும் உண்டு.

அந்த விளக்கு ஏன் எரிகிறது என்பதைக் காரே எழுதி வைத்திருக்கிறது. ஓ.பி.டி. 2 விதி நம் நாட்டில் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, சாவியை ஆன் செய்து, செல்போன் செயலியில் பார்த்தால் பி0118, பி0087 என்பது போன்ற கோட் வரும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஆணோ பெண்ணோ, பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள்.

கோட் சொல்வது கோளாறு தெரிந்த இடத்தைத்தான். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதை அல்ல. பி0118-ஐ எடுத்துக்கொள்வோம். கூலன்ட் வெப்ப சென்சாரின் சர்க்யூட்டில் வோல்ட் அதிகம் என்பது இதன் பொருள். சென்சார் கெட்டாலும் இது வரும், பானட்டுக்குள் எலி புகுந்து கம்பியைக் கடித்தாலும் இதே கோட்தான் வரும். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் -40 டிகிரி என்று காட்டினால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. நம் ஊரில் ஏது -40! இப்போது சென்சார் சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் அளவு சட்டென்று நூறுக்கு மேல் ஏற வேண்டும். ஏறினால் கம்பி நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றலாம். ஏறாவிட்டால் கம்பியைத் தேடுங்கள். இந்தச் சோதனை இரண்டு கம்பி உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டுமே. மூன்று கம்பி உள்ளதில் செய்தால் கம்ப்யூட்டரே கெட்டுவிடலாம்.

பி0087 என்பது டீசல் ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பது. நம் சகோதரர் ஒருவருக்கு இந்தக் கோட் வந்து, பம்ப் மாற்ற 38 ஆயிரம் ஆகும் என்று ஓரிடத்தில் சொல்லப்பட்டது. மனுவுடன் வந்தவரிடம் டீசல் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டோம், அவருக்கு நினைவில்லை. ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே தண்ணீரும் கசடும் இருந்தன. ஆயிரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்தது. எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று சொல்லவில்லை, சில நேரம் பம்ப்தான் காரணமாக இருக்கும். ஆனால் குறைந்த செலவிலிருந்து தொடங்குவதே முறை: ஃபில்டர், குழாயில் காற்றுக் கசிவு, சாக்கெட், அதன் பிறகு சென்சார், கடைசியில் பம்ப். ஒரே நேரத்தில் நான்கைந்து சென்சார் கோட்கள் வந்தால் அத்தனையும் சேர்ந்து கெட்டிருக்காது. பேட்டரியையும் எர்த் கம்பியையும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. டீசல் ரெயிலின் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். என்ஜின் ஓடும்போது அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைத் தேட வேண்டாம், உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான்தான் அது. விருத்தாசலத்துப் பீங்கானைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஊருக்குள்ளேயே ஓடும் காரில் இது கரியால் அடைத்துக்கொண்டு பி2463 கோட் வரும். அடைப்பு ஆரம்ப நிலையில் இருந்தால், நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினாலே கரி எரிந்துவிடும். நெடுஞ்சாலையோ நம் வாசலில் இருக்கிறது.

கோடை அழிப்பதற்கு முன் தாளில் எழுதுங்கள். அழித்தால், கோளாறு வந்த நேரத்தில் என்ஜின் இருந்த வேகம், வெப்பம் போன்ற பதிவும் சேர்ந்து போய்விடும். பழைய கார் வாங்கும்போதும் ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். கோட் அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல கார்களில் படிக்கலாம். அது வெறும் ஐந்து, பத்து என்று இருந்தால், விற்பவர் காலையில்தான் விளக்கை அணைத்திருக்கிறார். குறையை மறைத்து விற்பது ஆகாது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. வாங்குபவரும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து பெயர் எழுதி எடுத்துச் செல்லலாம், மறுநாள் திருப்பித் தர வேண்டும். இனி வாகனப் பழுதுக்கு மனுக் கொடுப்பவர்கள், கோட் எழுதிய தாளையும், டீசல் ஃபில்டர் கடைசியாக மாற்றிய தேதியையும் சேர்த்துக் கொண்டு வரவும்.