விலங்கு விஞ்ஞானப் பட்டம்: மருத்துவர் அல்லாதோருக்கு என்ன வேலை?

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை 'அனிமல் சயன்ஸ்' படிப்பதாகச் சொன்னால், அது கால்நடை மருத்துவராகப் போகிறது என்றே உறவினர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. இந்தக் கணிப்பு தவறானது. அதை முன்கூட்டியே அறியாதவர்கள் பின்னர் பெரும் விலை கொடுக்க நேரிடுகிறது.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவமும் கால்நடைப் பராமரிப்பும் ஐந்தரை ஆண்டுகளில் ஒரே பட்டமாகக் கற்பிக்கப்படுகின்றன. இலங்கையிலோ, யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் விலங்கு விஞ்ஞானம் விவசாய பீடத்தின் ஒரு துறையாக இருக்கிறது. கால்நடை மருத்துவம் பயில விரும்புவோர் பேராதனையை நாட வேண்டும். பிரிட்டனின் ஏற்பாடு இலங்கையினுடையதை ஒத்தது.

இங்கு 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர்கள் சட்டப்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அரச கால்நடை மருத்துவர் கல்லூரியில் பதிவுபெற்றவர்களே விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கலாம். விலங்கு விஞ்ஞானப் பட்டம் அந்தப் பதிவுக்கு உரியதல்ல. பட்டம் பெற்றபின் மருத்துவம் பயில விரும்பினால், லண்டனிலும் எடின்பரோவிலும் நான்காண்டுப் படிப்பு உண்டு. ஆனால் இரண்டாவது பட்டத்துக்கு அரசின் கல்விக் கட்டணக் கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதால், செலவைக் குடும்பமே சுமக்க வேண்டும்.

அப்படியானால் இப்பட்டதாரிகள் எங்கே செல்கிறார்கள்? முதலில் குறிப்பிட வேண்டியது தீவனத்துறை. பசு, கோழி, பன்றி ஆகியவற்றுக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு புரதம், எவ்வளவு எரிசக்தி என்று கணக்கிட்டுத் தீவனம் வகுப்பவர், மருத்துவர் அல்ல, போஷாக்கு நிபுணர். பண்ணையின் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போவதால், அவரது கணக்கு பிசகினால் பண்ணையாளரின் இலாபம் கரைந்துவிடும். பசுக்கள் வெளியேற்றும் மீத்தேன் வாயுவைக் குறைக்கும் தீவனச் சேர்க்கைகள் வந்திருப்பது இத்துறைக்குப் புதிய வேலையையும், கூடவே சர்ச்சையையும் தந்துள்ளது. அத்தகைய ஒரு சேர்க்கையை பிரிட்டனின் சில பண்ணைகளில் சோதிப்பதாக 2024இன் இறுதியில் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பாலைப் புறக்கணிக்குமாறு சமூக ஊடகங்களில் குரல்கள் எழுந்தன.

மரபணுத் தகவலைக் கொண்டு இனப்பெருக்கத்துக்கான காளைகளைத் தெரிவுசெய்யும் நிறுவனங்கள், விலங்கு நலன் தொடர்பான தொண்டு அமைப்புகள், மிருகக்காட்சிச்சாலைகள் ஆகியனவும் இவர்களை வேலைக்கு எடுக்கின்றன. மிருகக்காட்சிச்சாலை வேலைக்குப் போட்டி கடுமை. ஆய்வுகூட விலங்குகளைப் பராமரிக்கும் பணியும் உண்டு. 1986ஆம் ஆண்டின் சட்டம் இதனைக் கடுமையாக ஒழுங்குபடுத்துகிறது என்றாலும், மனம் ஒப்பாதவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

பட்டப்படிப்பின் இடையே ஓராண்டுத் தொழிற்பயிற்சி தரும் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்வது பயனுள்ளது. பண்ணைப் பின்னணி இல்லாத நகரத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். வாகன ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்க வேண்டும். கறவைப் பண்ணைகள் செஷயர், சமர்செட் போன்ற இடங்களில்தான் செறிந்துள்ளன. ஹாரோவிலிருந்தோ ஈஸ்ட் ஹாமிலிருந்தோ அங்கு தினமும் ரயிலில் போய்வர இயலாது.