மண்ணில் மறைந்த வில்லங்கம்

நிலம் வாங்குவோர் மூலபத்திரத்தைப் பார்ப்பர். வில்லங்கச் சான்று எடுப்பர். கிணற்று நீரையும் சுவைத்துப் பார்ப்பர். ஆனால் மண்ணுள் புதைந்த நஞ்சு எப்பத்திரத்திலும் ஏறுவதில்லை. அதுவும் ஒரு வில்லங்கமே என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துப்புரவுச் சட்டம் காட்டுகின்றது. அச்சட்டமும் அதன் திருத்தங்களும் நிலமுடையோர் யாவரும் அறியத் தக்கவை.

நியூயார்க் மாகாணத்து நயாகரா பால்ஸ் நகரில், லவ் கால்வாய் என்னும் பழைய பள்ளத்தில், 1942 முதல் சுமார் பத்தாண்டுகள் ஓர் இரசாயனக் கம்பெனி ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்தது. 1953-ல் அந்நிலம் ஒரே டாலருக்குப் பள்ளிக்கூட நிர்வாகத்தாருக்குக் கிரயமாயிற்று. அங்கே பள்ளியும், சுற்றிலும் வீடுகளும் எழுந்தன. நாளடைவில் நஞ்சு வீட்டு நிலவறைகளுள் கசிந்தது. 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின.

இதன் பின்னர் 1980-ல் பிறந்ததே ‘சூப்பர் பண்ட்’ என வழங்கும் சட்டம். கழிவைக் கொட்டியவர் மட்டுமன்றி, நிலத்தின் இன்றைய சொந்தக்காரரும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பாளி என்று அது விதித்தது. அவர்மேல் குற்றமுண்டா என்ற கேள்விக்கு இடமில்லை. கொட்டியவர் மறைந்துபோனால் முழுச்செலவும் நிலமுடையவர் தலையில் விழக்கூடும். 1985-ல் நியூயார்க் வழக்கொன்றில், கழிவைக் கொட்டாது நிலத்தைப் பின்னர் வாங்கியவரையே மேல் நீதிமன்றம் பொறுப்பாக்கியது.

இக்கடுமையைத் தணிக்கத் திருத்தங்கள் வந்தன. நஞ்சிருப்பதை அறியாது வாங்கியவருக்கும், பிதிரார்ஜிதமாகப் பெற்றவருக்கும் 1986-ம் வருஷத்துத் திருத்தம் வழிசெய்தது. 2002-ல், அறிந்தே வாங்கியவருக்கும், அடுத்த நிலத்து நஞ்சு தம் நிலத்தில் ஊறப்பெற்றவருக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. 2018-ல் அது குத்தகைதாரருக்கும் விரிவாயிற்று.

ஆயினும் இப்பாதுகாப்பு தானே வருவதன்று. வாங்குபவர் முன்னதாகவே தக்க விசாரணை செய்திருத்தல் வேண்டும். பழைய சொந்தக்காரரை வினவுதல், பழைய பதிவுகளையும் படங்களையும் ஆராய்தல், நிலத்தை நேரில் பார்வையிடுதல் ஆகியவை இதில் அடங்கும். இவை வாங்குமுன் ஓராண்டுக்குள்ளும், முக்கியமான பகுதிகள் 180 நாட்களுக்குள்ளும் முடிந்திருக்க வேண்டும். வாங்கியபின் கசிவைத் தடுக்கவும் அதிகாரிகளுக்கு ஒத்துழைக்கவும் வேண்டும். கிரயம் முடிந்தபின் செய்த விசாரணை காவாது.

பயிர் செய்வோர்க்குச் சில விலக்குகள் உள்ளன. பதிவுபெற்ற பூச்சிமருந்தை முறைப்படி தெளித்தலும், உரத்தை வழக்கமான அளவில் இடுதலும் இப்பொறுப்பைத் தாரா. மருந்துத் தகரங்களைப் புதைத்தலுக்கு இவ்விலக்கு இல்லை.

இன்று பெருங்கவலை தருவது சாக்கடைக் கசடு. அதை எருவென்று வயலில் இட்ட விவசாயிகள் பலர். அக்கசடில், எளிதில் அழியாத ‘பீபாஸ்’ என்னும் இரசாயனங்கள் காணப்பட்டன. மெய்ன் மாகாணம் 2022-ல் அக்கசடை நிலத்திலிடுவதைத் தடை செய்தது. 2024-ல் அவ்வகையிற் சேர்ந்த இரண்டு பொருள்கள் சூப்பர் பண்ட் பட்டியலில் ஏறின. கசடிட்ட விவசாயிகள்மேல் நடவடிக்கை எடுக்கும் நோக்கமில்லை என்று சுற்றுச்சூழல் இலாகா அப்பொழுது அறிவித்தது. அது இலாகாவின் கொள்கையேயன்றிச் சட்டமன்று. பிறர் தொடுக்கும் வழக்கை அது தடுக்காது.

நம் நாட்டில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு வேலூர்த் தோல் பதனிடும் சாலைகளின் வழக்கில், கெடுத்தவரே நஷ்டஈடும் நிலத்தைச் சீராக்கும் செலவும் தரவேண்டுமெனத் தீர்த்தது. அப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்று அத்தீர்ப்பு கூறுகின்றது. நஷ்டஈடு கிடைப்பினும் கெட்ட மண் விரைவில் திருந்தாது.

ஆகையால் விலை பேசுமுன் நிலத்தின் பூர்வோத்தரத்தை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிக. ஆலைக்கருகிலுள்ள நிலமாயின் மண்ணையும் நீரையும் பரிசோதிப்பிக்க. இலவசமாக வரும் கழிவெருவை, அதன் பிறப்பிடமும் சோதனை விவரமும் அறியாது வயலில் இடற்க. இட்டதன் தேதியையும் அளவையும் எழுதி வைக்க. கிராம அதிகாரிகள், கழிவு புதைத்த இடம் தெரியவரின், அதை எழுத்தில் பதிந்து மேலதிகாரிகளுக்கு அறிவித்தல் நலம்.