கரண்ட் வந்த பிறகும் கறுப்புத் திரை
(கட்டற்ற கணினி – தொடர் 9)

ஆரணியில் ஒரு பட்டுச் சேலையின் டிசைன் தறிக்குப் போவதற்கு முன் பல கண்களைக் கடந்து போகிறது. முன்பு கட்டம் போட்ட தாளில் அன்னத்தையும் மாங்காயையும் கட்டம் கட்டமாக வண்ணமிட்டு, அதைப் பார்த்து அட்டை அடிப்பார்கள். இன்று அந்தத் தாளின் வேலையைக் கணினித் திரை செய்கிறது. வேலை மாறினாலும் கணக்கு மாறவில்லை. 240 கொக்கி ஜக்கார்டு பெட்டிக்கான டிசைனில் ஒரு கட்டம் தப்பினால் அட்டையில் ஒரு துளை தப்பும். அந்தப் பிழை சேலையில் டிசைன் திரும்பும் ஒவ்வொரு முறையும் வரும். அதனால் அட்டை அடிக்கும் முன் சென்னையில் இருக்கும் கடைக்காரரோ காஞ்சிபுரத்தில் இருக்கும் மூத்த டிசைனரோ ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, கட்டங்களின் ஓரம் மங்கிப்போகும். சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்து பார்ப்பதும் ஒவ்வொரு முறையும் நடக்காது. ஆரணிக் கணினியின் திரையைச் சென்னையிலிருந்தே திறந்து பார்ப்பதுதான் வழி.

அந்தக் கணினி லினக்ஸில் ஓடுவதாக வைத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. புதிய விண்டோஸை அவை தாங்காது. எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப்பைப் போட்டால் ஒரு டிசைன் கோப்பைத் திறந்து காட்டுகிற அளவுக்கு நன்றாகவே உழைக்கும். பழைய கருவியைக் குப்பைக்கு அனுப்பாமல் வேலை வாங்குவது எனக்கு மிகவும் பிடித்த காரியம்.

திரையைப் பகிர லினக்ஸில் பரவலாக இருப்பவை இரண்டு முறைகள். ஒன்று விஎன்சி. கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் பிறந்து 1998-இல் மூலநிரலோடு வெளியானது. இன்று அந்த வழியில் டைகர்விஎன்சி பிரபலம். மற்றொன்று மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி. லினக்ஸில் அதைப் பேசுவது எக்ஸ்ஆர்டிபி. இரண்டுக்கும் கான்ஃபிக் ஃபைல் உண்டு. இரண்டிலும் பலர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: இணைப்பு கிடைக்கும், பாஸ்வேர்டு ஏற்கும், பிறகு வருவது கறுப்புத் திரை. சில நேரம் சாம்பல் திரை. சில நேரம் ஒரு நொடி காட்டிவிட்டு மூடிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் இணையத்தில் கிடைத்த எதையாவது கான்ஃபிக் ஃபைலில் ஒட்டிப் பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். சேலையில் பிழை தெரிந்ததும் நெசவாளர் அட்டைக் கட்டு முழுவதையும் மாற்றுவதில்லை. துணியில் பிழை விழுந்த இடத்தைப் பார்த்து, எந்த அட்டை, எந்தக் கொக்கி என்று தேடிப் போகிறார். கணினியில் அந்தத் துணியின் இடத்தில் இருப்பது லாக் ஃபைல். டைகர்விஎன்சி தன் லாக்கை உங்கள் ஹோம் அடைவுக்குள் மறைந்திருக்கும் கோப்புறை ஒன்றில், கணினியின் பெயரோடு திரை எண்ணைச் சேர்த்து எழுதி வைக்கும். எக்ஸ்ஆர்டிபிக்கு வார் அடைவின் உள்ளே லாக் கோப்புறையில் இரண்டு கோப்புகள்: எக்ஸ்ஆர்டிபி லாக், எக்ஸ்ஆர்டிபி-செஸ்மேன் லாக். வாசலில் நடந்தது முதலாவதில் இருக்கும், உள்ளே உங்கள் டெஸ்க்டாப்பைத் தொடங்கும்போது நடந்தது இரண்டாவதில். கறுப்புத் திரைக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் கிடைக்கும். பலர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறார்கள்.

விஎன்சியில் கறுப்புத் திரைக்கும் சாம்பல் திரைக்கும் அடிக்கடி காரணமாவது எக்ஸ்ஸ்டார்ட்அப் என்ற சின்னக் கோப்பு. ஐந்தாறு வரிகள்தான். விஎன்சி திரையைத் தயார் செய்ததும் இதை இயக்கும். இது டெஸ்க்டாப்பை எழுப்ப வேண்டும். இங்கே பழைய கட்டுரைகள் ஒரு பெரிய தவறான பாதைக்கு இழுத்துப் போகின்றன. எக்ஸ்எஃப்சிஇ-யைத் தொடங்கும் கடைசி வரியின் முடிவில் ஓர் ஆம்பர்சண்ட் குறியைப் போடச் சொல்கின்றன. அந்தக் குறியின் பொருள், இந்த வேலையைப் பின்னணியில் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ என்பது. அடுத்த வரிதான் இல்லையே, கோப்பு முடிந்துவிடும். பழைய விஎன்சி சர்வர் அதைப் பொருட்படுத்தாது. இப்போதைய டைகர்விஎன்சி அப்படியல்ல: எக்ஸ்ஸ்டார்ட்அப் முடிந்தால் அமர்வே முடிந்தது என்று எடுத்துக்கொண்டு திரையை மூடிவிடும். உபுண்டு, டெபியன் கணினிகளில் லாக்கைப் பார்த்தால், தொடக்கக் கோப்பு மூன்று நொடிக்குள் முடிந்துவிட்டது என்று தெளிவாகவே எழுதியிருக்கும். குறியை நீக்கி, வரியின் தொடக்கத்தில் எக்ஸெக் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். ஒரே ஒரு எழுத்துக்காக லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவியவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதே கோப்பில் இன்னும் இரண்டைப் பாருங்கள். கோப்புக்கு இயக்கும் அனுமதி இருக்கிறதா? இல்லையென்றால் சிஎச்மாட் கட்டளையால் கொடுக்க வேண்டும். அடுத்து, கோப்பை விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்தீர்களா? விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் குறி ஒன்றை வைக்கும். லினக்ஸ் அதைப் பெயரின் பகுதி என்று நினைத்து, அப்படி ஒரு நிரலே இல்லை என்று சொல்லிவிடும். டாஸ்2யுனிக்ஸ் என்ற சிறு கருவி அதைச் சுத்தம் செய்யும்.

எக்ஸ்ஆர்டிபியில் வேறு கதை. மேசையில் இருக்கும் கணினியில் ஒருவர் க்னோம் டெஸ்க்டாப்பில் நுழைந்து உட்கார்ந்திருக்கிறார். அதே பெயரில் சென்னையிலிருந்து இன்னொருவர் நுழைகிறார். ஒரே பயனருக்கு இரண்டு க்னோம் டெஸ்க்டாப்புகள் ஒரே சமயத்தில் ஒத்துப்போவதில்லை. வருபவருக்குக் கறுப்புத் திரை. கான்ஃபிக் ஃபைலில் பிழையே இல்லாமல் இருக்கலாம். மேசையில் இருப்பவர் லாக்அவுட் செய்தால் சரியாகிவிடும். வெளியிலிருந்து வருபவருக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுப்பது அதைவிட நல்லது. நீங்கள் வரைந்துகொண்டிருக்கும் அதே திரையை அவர் பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ்ஆர்டிபி அதற்கான கருவி அல்ல. எக்ஸ்11விஎன்சியோ க்னோமின் சொந்தப் பகிர்வு வசதியோ வேண்டும். அதிலும் ஒரு கண்ணி: பழைய எக்ஸ்ஆர்க்கின் இடத்தில் வந்த புதிய திரை முறையான வேலண்ட் அமர்வில் எக்ஸ்11விஎன்சி வேலை செய்யாது. உபுண்டு 21.04 முதல் பெரும்பாலான கணினிகளில் வேலண்ட்தான் இயல்பு. நுழையும் பக்கத்தில் எக்ஸ்ஆர்க் அமர்வு பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் க்னோமின் வசதியே வழி. உபுண்டு 22.04 முதல் அது ஆர்டிபியையே இயல்பாகப் பேசுகிறது.

இனி கரண்ட். கரண்ட் போய் வந்ததும் எல்லாம் கெட்டுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் முன்பே அரைகுறையாக விட்டிருந்தவைதான் அப்போது வெளியே தெரிகின்றன. விஎன்சி சேவையை அன்று கையால் தொடங்கினோம், கணினி எழும்போது தானே தொடங்கும்படி சிஸ்டம்சிடிஎல் எனேபிள் கொடுக்கவில்லை. ரவுட்டர் புதிய ஐபி முகவரியைக் கொடுத்துவிட்டது, சென்னைக்காரர் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ரவுட்டரில் அந்தக் கணினிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். மடிக்கணினியின் மூடி மூடியிருக்கிறது, அது தூங்கிவிட்டது. சிஸ்டம்டியின் லாகின்டி கான்ஃபிக் ஃபைலில் மூடி மூடினால் ஒன்றும் செய்யாதே என்று ஒரு வரி எழுதலாம்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் க்னோம் பகிர்வு சிலரைக் கைவிடும். பாஸ்வேர்டு கேட்காமலே கணினி நேராக உள்ளே போகும்படி வைத்திருப்பார்கள். ஆனால் பகிர்வுக்கான பாஸ்வேர்டைக் க்னோம் தன் சாவிக்கொத்தில் பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டைத் திறப்பது நீங்கள் நுழையும்போது தட்டுகிற பாஸ்வேர்டு. தட்டவே இல்லையென்றால் பூட்டு பூட்டியபடியே இருக்கும், பகிர்வும் முடங்கிக் கிடக்கும். சாவிக்கொத்தின் பாஸ்வேர்டை வெறுமையாக்கினால் இது தீரும் என்று பரிந்துரைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அதில் இருக்கும் மற்ற பாஸ்வேர்டுகளும் பூட்டில்லாமல் கிடக்கும். பலர் வந்துபோகும் பட்டறையில் அது வேண்டாம். 2024-இல் வந்த க்னோம் 46-இல், யாரும் நுழையாத கணினியிலும் வெளியிலிருந்து நுழையும் வசதி சேர்ந்திருக்கிறது. புதிய கணினியாக இருந்தால் அதுவே சரியான தீர்வு.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். டைகர்விஎன்சியில் எல்லாம் சரியாக இருந்தும் வெளியிலிருந்து இணைப்பே கிடைக்காமல் போகலாம். எஸ்எஸ் கட்டளையைக் கொடுத்து, போர்ட் 5901 எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். 5900 அடிப்படை எண், அதோடு திரை எண்ணைக் கூட்டினால் போர்ட் கிடைக்கும். 127.0.0.1 என்று காட்டினால், அந்தக் கணினி தன்னோடு மட்டுமே பேசுகிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் சாதாரண விஎன்சி பாஸ்வேர்டுக்கு அதுதான் இயல்பு அமைப்பு. உடனே பல குறிப்புகள் லோக்கல்ஹோஸ்ட் வரியை நோ என்று மாற்று, ஃபயர்வாலை அணைத்துவிடு என்று சொல்லும். இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். பழைய விஎன்சி பாஸ்வேர்டில் முதல் எட்டு எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும்; நீங்கள் இருபது எழுத்து போட்டாலும் மீதி வீண். அதற்குப் பின் திரையில் ஓடுவது மறைகுறியாக்கம் இல்லாமலே ஓடுகிறது. தீபாவளிக்கு இறக்கப்போகும் டிசைன் ஐப்பசிக்கு முன்பே வேறொரு தறியில் ஏறிவிட்டால், மாதக்கணக்கான உழைப்புக்கு விலை ஏது?

அந்த லோக்கல்ஹோஸ்ட் பூட்டை உடைக்காமலே உள்ளே போகலாம். எஸ்எஸ்எச் சுரங்கம் என்பது அதுதான். சென்னைக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஆரணிக் கணினிக்குள் நுழையும்போது, இங்குள்ள 5901-ஐ அங்குள்ள 5901-உடன் இணைத்துவிடு என்று ஒரு எல் தெரிவைச் சேர்க்கிறோம். பிறகு விஎன்சி வியூவரில் தன் சொந்தக் கணினியின் 5901-ஐத் திறந்தால் ஆரணித் திரை தெரியும். நடுவில் போவதெல்லாம் மறைகுறியாக்கப்பட்டே போகும். ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சின் 22-ஐ மட்டும் திறந்தால் போதும். பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

எந்தக் கான்ஃபிக் ஃபைலைத் தொடும் முன்பும் அதற்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் முடிவில் தேதி போட்டு வையுங்கள். ஒரு முறைக்கு ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள், சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள், லாக்கை மறுபடி பாருங்கள். தீரவில்லையென்றால் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவும், ஆரணியிலிருந்து அதிகத் தூரமில்லாத விழுப்புரத்தின் கட்டற்ற மென்பொருள் குழுவும் பதில் சொல்வார்கள். 2012-இல் தொடங்கிய கணியம் இதழில் அடிப்படைக் கட்டுரைகள் நிறைய உண்டு. கேட்கும்போது, வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதாமல், லாக்கின் கடைசி முப்பது வரிகளை அப்படியே ஒட்டுங்கள். பாஸ்வேர்டும் வெளி முகவரியும் அதில் இருந்தால் நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

இவ்வளவும் வீட்டு வைஃபைக்குள் சரியாக நடக்கும், சென்னையிலிருந்து மட்டும் நடக்காது என்ற நிலை வரலாம். உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கிட்டுக் கொடுத்திருந்தால், வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீட்டுக் கதவே தெரியாது. கான்ஃபிக் ஃபைலில் எதை மாற்றினாலும் அது தீராது. 2020 முதல் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வரும் வயர்கார்டை வைத்து அதற்கு வழி செய்வதை அடுத்த வாரம் பார்ப்போம்.